முன்பு தோட்டத்தில் இப்படி இருந்ததா?

கேள்வி: 11 செப்டம்பர் 2024

நேற்று உலகத் தற்கொலைத் தடுப்பு நாள் என்று வானொலியில் சொன்னார்கள். நம் வட்டாரத்தில் இந்த ஆண்டு மட்டும் மூன்று சாவு, மூன்றும் நம் பிள்ளைகள். நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். கஞ்சி குடித்தோம், மைல் கணக்கில் நடந்து பள்ளிக்கூடம் போனோம், யாரும் இப்படிச் செய்ததில்லை. இப்போது கைப்பேசியும் மோட்டாரும் வாங்கிக் கொடுத்தும் உயிரை விடுகிறார்கள். இது கோழைத்தனம் இல்லாமல் வேறென்ன? மூத்தவர்கள் யாராவது சொல்லுங்கள். முன்பு தோட்டத்தில் இப்படி இருந்ததா?

12 செப்டம்பர், இரவு

இருந்தது ஐயா.

பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டுக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் 1979 முதல் 2001 வரை ஸ்டோர் கிராணியாக, அதாவது சரக்கறைக் கணக்கராக இருந்தேன். அந்த 22 ஆண்டுகளில் இப்படிப் போன ஐந்து பேருக்கு நான் தோள் கொடுத்திருக்கிறேன். பால்வெட்டுக்காரர்கள் இருவர், மருந்தடிக்கும் கும்பலில் இருந்த ஒரு பெண், படிவம் 3 படித்த ஒரு பையன், ஓய்வு பெற்ற ஒரு மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்).

உங்களுக்குத் தெரியாமல் போனதில் வியப்பில்லை. சாவு விழுந்த வீட்டுப் பக்கம் வரவிடாமல் பிள்ளைகளை லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) மறுகோடிக்கு அனுப்பிவிடுவார்கள். பெரியவர்கள் கேட்டால் ஒரே பதில்: "வயிற்றுவலி தாங்க முடியாமல்." அந்தக் காலத்துச் செய்தித்தாளிலும் அதே வரிதான் வரும். மண்டோருக்கு வயிற்றுவலி இருந்ததே இல்லை. ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், போக இடமில்லை. அதை யாரும் சொல்லவில்லை.

கோழை என்ற சொல்லுக்குப் பிறகு வருகிறேன். இன்றைக்கு அதைப் பற்றி எழுதினால் கோபம்தான் வரும்.

13 செப்டம்பர், காலை

கூடியிருக்கிறதா என்பது நியாயமான கேள்வி. பேத்தியை உட்கார வைத்துத் தேடிப் பார்த்தேன்.

போலீசு கணக்கில் 2020ல் மலேசியா முழுவதும் 631 பேர். 2021ல் 1,142. ஒரே ஆண்டில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2021 எப்படிப்பட்ட ஆண்டு என்று உங்களுக்கு நினைவிருக்கும். கோவிட் முடக்கம், வேலை இல்லை, ஊர் விட்டு ஊர் போக முடியாது. சமைக்க ஒன்றுமில்லாத வீடுகளில் வெள்ளைக்கொடி கட்டினார்கள். நம் தாமான் குடியிருப்பிலும் மூன்று வீட்டில் பார்த்தேன். ஒன்று தலையணை உறையைக் கிழித்துக் கட்டியது, பூப்போட்ட கரை அப்படியே தெரிந்தது. அரிசியும் முட்டையும் கொண்டுபோய்க் கொடுத்தோம். கொடி கட்ட மனம் வராமல் கதவைச் சாத்திக்கொண்ட வீடுகளை நினைத்தால்தான் இன்னமும் சங்கடமாக இருக்கிறது.

ஆனால் இந்த எண்களை அப்படியே நம்பிவிட முடியாது. சாவு எப்படி நேர்ந்தது என்று தெளிவாகாவிட்டால் அது வேறு கணக்கில் போய்விடும். குடும்பமும் விபத்து என்று சொல்லத்தான் விரும்பும். காப்புறுதிப் பணம், மதம், பெண்ணுக்கு வரன் பார்ப்பது என்று அதற்கு ஆயிரம் காரணங்கள். ஆகவே நமக்குக் கிடைப்பது எப்போதும் குறைந்தபட்ச எண்ணிக்கைதான்.

நம் மக்களைப் பற்றி ஒன்று மட்டும் பல காலமாகவே தெரிந்த செய்தி. மனநல மருத்துவர் டி. மணியம் கேமரன் மலையில் நடந்த தற்கொலைகளையும் முயற்சிகளையும் ஆராய்ந்து 1988லேயே எழுதினார். அங்கிருந்த மற்றவர்களைவிட இந்தியர்களே அதிகம் பாதிக்கப்பட்டிருந்தார்கள். பின்னால் சுகாதார அமைச்சு தொடங்கிய தேசியத் தற்கொலைப் பதிவேட்டிலும் அப்படித்தான். இந்த நாட்டு மக்களில் நாம் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. இந்தச் சாவுகளில் நம் பங்கு அதைப்போல் பல மடங்கு. ஐயா சொல்லும் கஞ்சி குடித்த காலமும் அதில் சேர்த்திதான்.

13 செப்டம்பர், இரவு

ஒரு திருத்தம். ஐந்து பேர் என்று எழுதினேன். மனைவி படித்துவிட்டு "ஆறு" என்றாள்.

அந்த ஆறாவது ஒரு பெண். விபத்து என்றுதான் பதிவானது. நானும் இத்தனை ஆண்டும் விபத்துக் கணக்கிலேயே வைத்திருந்திருக்கிறேன். முதல் நாள் மாலை அவள் தன் கம்மலைக் கழற்றித் தங்கையிடம் கொடுத்தது லயத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரியுமாம். எனக்குத் தெரியாது. காலையில்தான் கணக்கு எப்படிக் குறைகிறது என்று விளக்கி எழுதினேன், என் கணக்கே குறைந்திருக்கிறது.

16 செப்டம்பர்

கோழை என்ற சொல்.

1986 கடைசி. முந்தைய ஆண்டிலிருந்தே நாட்டில் பொருளாதாரச் சரிவு. தோட்டத்தில் கையில் காசு நிற்காத காலம். ஓர் ஆளைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

பால்வெட்டுக்காரர், முப்பது வயதுகூட ஆகவில்லை. விடியுமுன் நான்கு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டோர நிரைக்குத் தனியாகப் போகிறவர். புலித்தடம் பார்த்ததாக மற்றவர்கள் அந்த நிரையை மாற்றிக் கேட்டபோதும் இவர் கேட்கவில்லை. மூத்த பிள்ளை டெங்கியில் போய் நாற்பது நாள் ஆகவில்லை. கூட்டுப் பணத்தை (சீட்டுப் பணம்) முதலிலேயே எடுத்து ஆஸ்பத்திரி, போக்குவரத்து என்று செலவழித்தாயிற்று. மாதாமாதம் கட்ட வேண்டும்.

சாயங்காலம் நல்ல மழை. மருந்தடிக்கும் கும்பல் டின்களை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. நான் கணக்குப் புத்தகத்தில் கோடு போட்டு மூடுகிறேன். வாசலில் வந்து நின்றார்.

"வீட்டுக்குப் பின்னால புல் மண்டிக் கிடக்கு. கொஞ்சம் மருந்து வேணும் அண்ணே."

அவர் வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுக் கால்வாய். அங்கே புல் ஏது? நிமிர்ந்து பார்த்தேன். சட்டை உடம்போடு ஒட்டியிருக்கிறது, தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கக்கத்தில் குடை இருக்கிறது. மடித்தபடியே இருக்கிறது.

ஸ்டோர் சாவி அப்போது என் இடுப்புக் கயிற்றில்தான் தொங்கியது. "சாவி பெரிய கிராணிகிட்ட இருக்கு, நாளைக்குக் காலையில வா" என்றேன். அவர் நகரவில்லை. பிளாஸ்கில் மிச்சமிருந்த கோப்பியை ஊற்றிக் கொடுத்தேன். உர மூட்டைமேல் உட்கார்ந்தார். கோப்பி ஆறி ஆடை கட்டும்வரை குடிக்காமல் கையில் வைத்திருந்தார். பிறகு அழுதார். விளக்கு வைத்து வெகு நேரம் கழித்துத்தான் இருவரும் லயத்துக்கு நடந்தோம். அவர் மனைவியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்.

இன்றைக்கு அவருக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பல ஆண்டு கழித்து ஒரு கல்யாண வீட்டில் என்னிடம் சொன்னார்: "அந்த ஒரு ராத்திரிதான் அண்ணே தாண்ட முடியாம இருந்துச்சு."

புலிக்குப் பயப்படாத மனிதர் அவர். கோழை என்ற சொல்லை அவரிடம் எந்தப் பக்கம் ஒட்டுவீர்கள் ஐயா?

21 செப்டம்பர்

தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அன்றைக்குப் பூட்டியிருந்தீர்கள், சரி. முடிவு செய்துவிட்டவர் வேறு வழி தேடமாட்டாரா?"

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பலர் தேடுவதில்லை. அந்த வேகம் வந்து கவிவது சிறிது நேரம், சில மணி நேரம். அதற்குள் கைக்கு எட்டுவது எது என்பதில் உயிர் நிற்கிறது.

இலங்கையைப் பாருங்கள். 1995 வாக்கில் அங்கே லட்சத்துக்கு 47 பேர், உலகத்திலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று. பிறகு கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். பத்தே ஆண்டில் அந்த விகிதம் பாதியாகிவிட்டது. அந்தப் பத்தாண்டில் போர் முடிந்துவிடவில்லை, வறுமை தீரவில்லை, குடியும் நிற்கவில்லை. கடையில் கிடைப்பது மாறியது, அவ்வளவுதான்.

நம் நாட்டில் கடும் நஞ்சுள்ள ஒரு களைக்கொல்லியை 2002ல் தடை செய்தார்கள். பெயர் எழுதவில்லை, தோட்டத்து ஆட்களுக்குத் தெரியும். 2006ல் தடையைத் தளர்த்தினார்கள். மறுபடி முழுத் தடை வந்தது 2020 ஜனவரியில்தான். இடையில் போன ஆண்டுகளை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. செலவு குறைவு, களை சீக்கிரம் காயும் என்று தோட்டத் தரப்பில் வாதாடினார்கள். அதைத் தினமும் அளந்து கொடுத்தவன் நான். அளந்து கொடுத்த கை மணிக்கட்டுவரை தோல் உரிந்து கிடக்கும். எங்கள் பெண்கள் அதை முதுகில் சுமந்து அடித்தார்கள்.

ஆகவே காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர்கள் மருந்தை வீட்டுக்குள் பூட்டுப் போட்டு வையுங்கள். வீட்டுக்கு வீடு ஒரு பெட்டி இருந்தாலே போதும்.

24 செப்டம்பர்

மேலே கடைசியாக எழுதிய வரியைத் திருத்துகிறேன். மருத்துவத் துறையில் இருக்கும் ஒரு வாசகி சுட்டிக்காட்டினார். அவருக்கு நன்றி.

இலங்கையில் கிராமம் கிராமமாகப் போய் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்துப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முடிவு 2017ல் வந்தது. குறைந்ததாகத் தெரியவில்லை. யோசித்தால் புரிகிறது. பெட்டியும் அதே வீட்டில், சாவியும் அதே வீட்டில்.

தமிழ்நாட்டில் வேறு மாதிரி செய்தார்கள். சென்னையில் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் உடனிருந்தவர்களும் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் ஊருக்குப் பொதுவாக ஒரு மருந்து அறை கட்டிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு விவசாயிக்கும் அதில் ஒரு பெட்டி. திறக்க வேண்டுமென்றால் அங்கே இருக்கும் ஆளிடம் போக வேண்டும், முகம் பார்க்க வேண்டும், பேச வேண்டும். சிறிய முயற்சிதான், இரண்டு ஊர். அங்கே சாவுகள் குறைந்தன.

இதைப் படித்துவிட்டு வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 1986ல் என் ஸ்டோரும் அதுதானே. ஆகவே வீட்டில் பெட்டி என்பதை விட்டுவிடுங்கள். மீந்த மருந்தை வீட்டில் வைக்கவே வேண்டாம். சங்கத்திலோ கோயில் கொட்டகையிலோ பொது இடம் ஏற்பாடு செய்ய முடியுமா என்று பாருங்கள். சாவி இன்னோர் ஆளிடம் இருக்கட்டும்.

5 அக்டோபர்

குடிதான் எல்லாவற்றுக்கும் மூலம் என்று நான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள். பாதி ஒத்துக்கொள்கிறேன்.

சம்சு என்ற மலிவுச் சாராயம் எங்கள் தோட்டத்தை என்ன செய்தது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சம்பள நாள் இரவில் லயத்தில் எந்த வீட்டிலிருந்து சத்தம் வரும் என்று நடந்துபோகும்போதே சொல்லிவிடலாம். குடித்தவனுக்கு அந்த வேகம் சீக்கிரம் வரும், தடுக்கும் அறிவு மழுங்கிவிடும். அது உண்மை. குடிக்காத மனைவிக்கும் அதே வீட்டில்தான் உயிர் வெறுக்கும். அதை யாரும் எழுதவில்லை. கம்மலைக் கழற்றிக் கொடுத்த பெண் ஒரு சொட்டும் தொட்டதில்லை.

மீதிப் பாதி என்ன? தோட்டத்தை விற்றார்கள். செம்பனை வந்தது, ஆள் தேவை குறைந்தது, பிறகு வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள். அப்புறம் வீடமைப்பு நிறுவனம் வந்தது. லயத்தை இடித்து எங்களை அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். லயத்தில் ஒரு வீட்டில் தாளித்தால் பத்து வீட்டில் தும்முவார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் ஓர் ஆள் இரண்டு நாள் வெளியே வராவிட்டால் எதிர்லயத்துப் பாட்டி கதவைத் தட்டிவிடுவாள். நான்காவது மாடியில் இரும்புக் கதவு, பக்கத்து வீட்டில் யாரென்று தெரியாது.

கடன் அடுத்தது. ஆலோங் (உரிமமில்லாத வட்டிக்காரன்) கதவில் சிவப்புச் சாயம் அடித்துவிட்டுப் போன வீட்டுக்காரர் மறுநாள் கடைத்தெருவில் எப்படி நடப்பார்? இப்போது கைப்பேசியிலேயே கடன், கைப்பேசியிலேயே சூதாட்டம். நோய் இருக்கிறது, தீராத வலி இருக்கிறது. சாராயப் போத்தலைக் காட்டிவிட்டு எழுந்து போக முடியாது. பல கயிறு சேர்ந்து இறுக்கிய முடிச்சு இது.

நேற்று இதைப் பாதி எழுதியபோது குடியைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருந்தேன். மனைவி "நீ ஆம்பிளைங்களைக் காப்பாத்துற" என்றாள். அதன் பிறகுதான் முதல் பத்தியை நீட்டினேன். அவள் சொன்னது சரி.

6 அக்டோபர்

ஒருவர் எனக்குத் தனியாக எழுதியிருந்தார். அவரோடு பேசிவிட்டேன். இப்போது அவருடன் அவருடைய அண்ணன் இருக்கிறார்.

படிக்கும் உங்களில் யாருக்காவது அப்படி இருந்தால் இந்த இழையை இங்கேயே நிறுத்திவிட்டு ஒருவரைக் கூப்பிடுங்கள். மனம்விட்டுப் பேச பிஃப்ரெண்டர்ஸ் உதவி எண் 03-7627 2929, நள்ளிரவிலும் எடுப்பார்கள். தமிழில் பேச ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் 15555. தாலியான் காசே 15999. உயிருக்கு ஆபத்து என்றால் 999. எண் அழுத்தக் கை வராவிட்டால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். நேரம் பார்க்காதீர்கள்.

19 அக்டோபர்

பிள்ளைகளைப் பற்றி.

சுகாதார அமைச்சு இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் எடுத்த ஆய்வு. உயிரை விட்டுவிடலாம் என்று நினைத்ததுண்டா என்ற கேள்விக்கு 2017ல் நூற்றுக்குப் பத்துப் பேர் ஆமாம் என்றார்கள். 2022ல் 13. முயன்றதாகச் சொன்னவர்கள் 6.9லிருந்து 9.5 ஆகியிருக்கிறார்கள். நாற்பது பேர் உட்காரும் வகுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு நாற்காலி.

ஆகவே கேள்வி கேட்ட ஐயா, கூடியிருக்கிறது என்ற உங்கள் கவலை பிள்ளைகள் விஷயத்தில் சரிதான். காரணம்தான் வேறு என்கிறேன். கைப்பேசியை மட்டும் திட்டிவிட்டுப் போகலாம். அந்தப் பிள்ளையை வகுப்பில் யார் கேலி செய்கிறார்கள், வீட்டில் யார் அடிக்கிறார்கள், கடைசி வகுப்பில் தள்ளி உட்கார வைத்த பிறகு எந்த ஆசிரியர் பேர் சொல்லிக் கூப்பிட்டார் என்று யாராவது கேட்டோமா?

என் தம்பி மகளின் பெண் படிவம் 4. போன ஆண்டு சட்டையின் கையை மடிப்பதை விட்டுவிட்டாள், தலை வாரிக்கொள்வதில்லை, எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்ல தாத்தா." கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று வீட்டில் எல்லோரும் பயந்தார்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அது தவறு என்கிறார்கள் மருத்துவர்கள். நேராகக் கேட்பதால் எண்ணம் வராது, இருப்பவருக்குச் சொல்ல வழி கிடைக்கும். நம் ஊர்ப் பழக்கப்படி "பசியாறிட்டியாம்மா?" என்றுதான் தொடங்கினேன். "ம்" என்றாள். சரி என்று எழுந்து போகவில்லை. எதிரிலேயே உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து நேராகவே கேட்டேன்: "செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா?"

"சில நாள்" என்றாள்.

20 அக்டோபர்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டுப் பலர் துணிச்சலைப் பாராட்டியிருக்கிறீர்கள். அப்படி நடக்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு மூன்று வாரம் ஆனது. இரண்டு முறை வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். அவள் "சில நாள்" என்றதும் என் வாயில் முதலில் வந்தது "அப்படியெல்லாம் நினைக்கக்கூடாதும்மா, சாமி குத்தம்." உடனே அவள் முகம் மூடிக்கொண்டது. நான் திரும்பக் கேட்டு, மன்னிப்பும் கேட்ட பிறகுதான் மீதியைச் சொன்னாள்.

அந்த மீதியை இங்கே எழுதமாட்டேன். நன்றாக இருக்கிறாள். கிளினிக்குப் போய்வருகிறாள்.

3 நவம்பர்

தீபாவளி முடிந்தது. இந்த ஆண்டு மகனைப் பறிகொடுத்த வீட்டுக்கு நானும் மனைவியும் போனோம். துக்க வீடு, பண்டிகை கிடையாது. யாருமே வருவதில்லை என்பதைத்தான் அந்த அம்மா முதலில் சொன்னார். வேறு விதமான சாவு என்றால் கூட்டம் கூட்டமாக வந்து உட்கார்ந்திருப்பார்கள். இதற்குக் கடைத்தெருவில்கூட எதிர்ப்பக்கம் மாறி நடக்கிறார்களாம். "நான் என்ன தப்புப் பண்ணேன்னு யோசிக்கிறாங்க போல. நானும் அதைத்தான் யோசிக்கிறேன்" என்றார்.

நாங்கள் பதில் எதுவும் சொல்லவில்லை. மனைவி அடுப்படிக்குப் போய்ச் சோறு வைத்தாள். பையனின் பேரைச் சொல்லி, சின்ன வயதில் கோயில் திருவிழாவில் அவன் காவடிக்குப் பின்னால் ஓடித் தொலைந்துபோன கதையை எடுத்தேன். அந்த அம்மா சிரித்தார். அன்றைக்கு அவனுக்குச் சர்பத் வாங்கிக் கொடுத்தவர் யார் என்று எனக்கு மறந்துபோன பேரைச் சொன்னார். அந்தப் பேரை எடுத்துப் பேச ஓர் ஆள் வந்ததே அவருக்குப் போதுமாக இருந்தது.

முடிந்தால் இந்த வாரம் போய்வாருங்கள். எந்த வீடு என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

8 டிசம்பர்

எஸ்.பி.எம். (படிவம் 5 அரசுத் தேர்வு) நெருங்குகிறது. மருத்துவமனைக்குப் போகத் தயங்குவது பற்றிக் கேட்டிருந்தார்கள்.

நம் பேராக்கில் அதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. 1911ல் திறந்த பெரிய மனநல மருத்துவமனை தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கிறது. அந்த ஊர்ப் பேரையே நாம் ஏச்சாக்கிவிட்டோம். கொஞ்சம் மாறிப் பேசினால் "இவனை தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு." நானும் சொல்லியிருக்கிறேன், பலமுறை. அப்படிச் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளை, மனசு சரியில்லை என்று யாரிடம் வாய் திறக்கும்?

அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் பேர் பதிந்து, தூக்கம் வரவில்லை, மனசு பாரமாக இருக்கிறது என்று சொன்னால் போதும். ஒரு தாளில் கேள்விகள் கேட்பார்கள். தேவைப்பட்டால் மேலே அனுப்புவார்கள். தம்பி பேத்திக்கு நடந்தது அதுதான்.

இன்னொன்று. முன்பு முயன்றவர் பிழைத்தால் தண்டனைச் சட்டம் 309ஆவது பிரிவில் குற்றம், ஓராண்டுவரை சிறை. அதற்குப் பயந்தே குடும்பங்கள் "தவறுதலாக" என்று டிரெசரிடம் (தோட்டத்து மருத்துவ உதவியாளரிடம்) சொல்வார்கள், சில வீடுகளில் கொண்டுவரவே மாட்டார்கள். அந்தப் பிரிவை 2023ல் நீக்கிவிட்டார்கள். இன்னும் பலருக்குத் தெரியவில்லை. கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லித் தலைவரிடம் கொடுத்திருக்கிறேன்.

12 ஜனவரி 2025

1986ல் மழையில் வந்தவர் நேற்று என்னைக் கூப்பிட்டார். அவர் மகள் இந்த இழையை அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். எனக்கு உள்ளூரப் பயமாக இருந்தது. கோபப்படவில்லை. சில திருத்தங்கள் சொன்னார், எழுதச் சொல்லித் தானே கேட்டார்.

ஒன்று. நான் "நாளைக்கு வா" என்று சொல்லவே இல்லையாம். "மழை விடட்டும், உட்காரு" என்றுதான் சொன்னேனாம். எனக்கு முதல் வாக்கியம்தான் நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் சொன்னவனைவிடக் கேட்டவருக்குத்தான் தெரியும், மாற்றிக்கொள்கிறேன்.

இரண்டு. அந்த ஒரு ராத்திரியோடு முடிந்துவிட்டதுபோல் எழுதிவிட்டேன், அது தவறு என்றார். அடுத்த எட்டு மாதம் அவருடைய மச்சான் ஒருவர் தினமும் இரவு வந்து வாசல் திண்ணையில் பாய் போட்டுப் படுத்திருக்கிறார். ஒன்றும் பேசமாட்டாராம். காலையில் இருவரும் சேர்ந்து வெட்டுக்குப் போவார்கள். ஒரே தோட்டத்தில் இருந்தும் எனக்கு இது தெரியாது. முன்பு குறிப்பிட்ட வாசகியிடம் இதைச் சொன்னேன். ஏற்கெனவே ஒருமுறை முயன்றவருக்குத்தான் ஆபத்து எல்லோரையும்விட அதிகம் என்றார். உலகச் சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாட்டு ஊர்களில் அப்படிப்பட்டவர்களிடம் ஒரு சோதனை நடத்தியிருக்கிறது. மருத்துவமனையிலிருந்து வீடு போனவர்களில் ஒரு பகுதியினரிடம் முதலில் உட்கார்ந்து பேசி, பிறகு பதினெட்டு மாதம் விடாமல் விசாரித்து வந்திருக்கிறார்கள். அவர்களில் பின்னால் இறந்தவர்கள் மிகமிகக் குறைவு. 2008ல் வந்த முடிவு. மச்சான் அதை 1986லேயே செய்திருக்கிறார். அவர் இப்போது இல்லை, கோவிட்டில் போய்விட்டார்.

மூன்று, குடை. மழையில் குடையை விரிக்கக்கூடத் தோன்றாத நிலை என்று நான் முப்பத்தெட்டு ஆண்டாக நினைத்திருந்தேன். அது பிள்ளையின் குடையாம். பாலர் பள்ளிக்கு வாங்கியது. விரித்தால் அவர் தலைகூட மறையாது. அந்த நாற்பது நாளும் எங்கே போனாலும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

இன்னமும் வைத்திருக்கிறாராம். செவ்வாய்க்கிழமை பொங்கலுக்கு மகளோடும் பேரனோடும் எங்கள் வீட்டில் பசியாற வருகிறார்.